புகைப்பசி

அலையாத்திக்குப்பம் சென்னைக்கு வடக்கே, கழிமுகத்தை ஒட்டி இருந்தது. அலையாத்தி மரங்கள் பெயரில் மட்டும்தான் மிச்சம். மரங்கள் நின்ற இடத்தில் அனல்மின் நிலையம் ஒன்று வந்திருந்தது. அதன் புகைபோக்கி எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தெரியும். துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் சாம்பல் படிந்துவிடும். அந்த ஊருக்கு வெள்ளை உடுத்தி வருகிறவர்கள் இரண்டே பேர்: ஓட்டு கேட்க வருகிறவர், பாதிரியார். பாதிரியாரும் பிறகு சாம்பல் நிற அங்கிக்கு மாறிக்கொண்டார்.

செல்வமேரி அங்கே மீன் விற்றுப் பிழைத்தாள். கணவன் இல்லை. ஒரே மகள் ரோஸ்லினுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் அடித்தால் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு அதுவும் கேட்காமல் போனது. அரசு மருத்துவமனையில் டாக்டர் மணிமொழி ரோஸ்லினின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, செல்வமேரியை உட்காரச் சொன்னார்.

"புகை மட்டும் வந்தா உடம்பு ஓரளவு சமாளிச்சுக்கும். கிருமி மட்டும் வந்தாலும் சமாளிச்சுக்கும். உங்க ஊர்ல ரெண்டும் கூட்டணி வெச்சிருக்கு."

"புரியல டாக்டரம்மா."

"மூச்சுக்குழாயில காவலுக்குன்னு சில செல்லுங்க இருக்கு. புகைத்தூள் போய்ப் படிஞ்சு அதுங்களை வேலை செய்ய விடாம பண்ணிடுது. காவல் இல்லாத வீட்ல கிருமி புகுந்து குடித்தனம் நடத்துது. அதுக்கு மேல மறுபடியும் புகை போச்சுன்னா, உள்ள வீக்கம் ஒண்ணுக்குப் பத்தா ஏறிடும். அந்த வீக்கம் நாம குடுக்கற மருந்துக்கு மசியாது."

"கூட்டணிய ஒடைக்க இன்னா வழி?"

"புகைய நிறுத்தணும்."

செல்வமேரி அதற்காகத்தான் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாக வந்தவள் தனக்கோட்டி. இட்லிக் கடை வைத்திருந்தவள், அவளுக்கும் இரைப்பு உண்டு. தனக்கோட்டிக்காக நீதிமன்றப் படிக்கட்டில் இருவரும் நின்று நின்று ஏறுவதைப் பார்த்து, எதிர்த்தரப்பு வக்கீலே ஒருநாள் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

இதற்கிடையில் அரசாங்கம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. புகைபோக்கியைத் திருத்துவதைவிட மூச்சுக்குழாயைத் திருத்துவது சுலபம் என்று குழு கண்டுபிடித்தது. அப்படித்தான் குப்பத்துக்கு 'மூச்சுத்தோழன்' வந்தது.

அது ஒரு கிருமி. ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. சமுதாயக் கூடத்தில் அதைக் குப்பத்தாருக்கு விளக்க, தயாரித்த கம்பெனியிலிருந்து கோகுலவாசன் என்ற அதிகாரி வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு.

"இதை மூக்குல ஒரு தடவை அடிச்சுக்கிட்டா போதும்மா. உள்ள இருக்கற கெட்ட கிருமிய விரட்டிட்டு அந்த இடத்துல இது உட்கார்ந்துக்கும். இதுக்குச் சாப்பாடே புகைத்தூள்தான். நீங்க பாட்டுக்கு மூச்சு விடுங்க, அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கும்."

தனக்கோட்டி எழுந்தாள். "துன்னுட்டு அது எங்க சார் வெளிக்குப் போவும்?"

கூடம் சிரித்தது. கோகுலவாசனும் சிரித்தார். "அதெல்லாம் உடம்பு பார்த்துக்கும்மா."

நகரத்தில் வசதியானவர்கள் வாங்கிக்கொண்டார்கள். குப்பத்தில் இரைப்பு இருந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக அடித்தார்கள். உண்மையாகவே வேலை செய்தது. அதுதான் விஷயம். சில வாரங்களில் ரோஸ்லினின் நெஞ்சில் விசில் சத்தம் நின்றது. ராத்திரி படுத்துத் தூங்கினாள். பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் சேர்ந்தாள். மின்நிலையத்தின் மதிற்சுவரை ஒட்டிய மைதானத்தில், புகை கொட்டக் கொட்ட, அவள் பந்தை விரட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து செல்வமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் கறுப்பாக வந்தது.

மின்நிலையத்தின் பொது மேலாளர் திருமலைச்சாமி ஆளனுப்பி அவளை வரவழைத்தார். "பொண்ணுக்குத்தான் சரியாயிடுச்சே. கேஸை வாபஸ் வாங்கிடலாமில்லம்மா?"

"மவளுக்குச் சரியாயிடுச்சு சார். துணிக்கு இன்னும் ஆவல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. புகைபோக்கி மூடப்பட்டது. குப்பம் முழுக்க லட்டு கொடுத்தார்கள். யாரோ அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள், இறக்கிவிடச் சொல்லிக் கத்தினாள். கடற்காற்று முதல்முறையாகக் கடல் வாசனையோடு வந்தது. கொடியில் ஒரு வெள்ளை வேட்டி சாயங்காலம் வரை வெள்ளையாகவே கிடந்ததைப் பார்க்க அக்கம்பக்கத்தார் கூடினார்கள்.

அந்த வாரமே ரோஸ்லினுக்கு மூச்சு முட்டியது.

முதலில் வறட்டு இருமல். பிறகு நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தது. பழைய இன்ஹேலரை அடித்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. உதடு நீலம் பாரித்ததும் செல்வமேரி மகளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தாள். துறைமுகச் சாலையில் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோ ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டது. லாரிக்காரன் எஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். கரும்புகை ஆட்டோவுக்குள் நிறைந்தது.

"கொஞ்சம் தள்ளி வுடுப்பா, கொழந்த செத்துடும்!" என்று செல்வமேரி கதறினாள். மகளின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

ரோஸ்லின் முந்தானையைத் தள்ளினாள். புகைக்குள் முகத்தை நீட்டினாள். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. உதட்டில் சிவப்பு திரும்பியது.

"மா, நல்லா கீது மா."

செல்வமேரி மகளைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். வரிசை நகர்ந்து லாரி விலகியதும் இரைப்பு திரும்பியது. மருத்துவமனையின் குளுகுளு வார்டில், வடிகட்டிய காற்றில், அது உச்சத்துக்குப் போனது. வார்டு நிறைய அலையாத்திக்குப்பத்துப் பிள்ளைகள். செல்வமேரி டாக்டர் மணிமொழியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஜன்னலத் தொறங்க டாக்டரம்மா. ரோட்டுப் பக்கம் இருக்கறத."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். திறந்தார். அன்று மாலைக்குள் எல்லாக் கட்டில்களையும் சாலைப் பக்கத்து வராந்தாவுக்கு நகர்த்திவிட்டார்கள். கீழே ஆம்புலன்ஸ்களை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார்கள்.

மறுநாள் கோகுலவாசன் வந்தார். டாக்டர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க கிருமிக்குப் புகை கிடைக்கலைன்னா மூச்சுக்குழாயோட உள்தோலைத் திங்குது. இந்தப் பக்க விளைவு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"பக்க விளைவுன்னு சொல்லாதீங்க டாக்டர். பசி. உயிருள்ள எதுக்கும் பசிக்கும்."

"சுத்தமான காத்துல வெச்சுப் பரிசோதனையே பண்ணலையா?"

கோகுலவாசன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "காத்து சுத்தமாகும்னு நாங்க எதிர்பார்க்கலை டாக்டர். அடுத்த ஐம்பது வருஷத்துக்கு நாங்க போட்ட கணிப்பு எதுலயும் அப்படி ஒரு ஆபத்து வரவேயில்லை."

பிறகு பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்பெனியின் புதுத் தயாரிப்பு, 'புகைக்குப்பி'. வாயில் வைத்து அழுத்தினால் சுத்திகரித்த கரித்தூள் உள்ளே போகும். மூன்று வாசனைகளில் கிடைக்கும்: கரி, டீசல், தீபாவளி.

"இதுவும் இலவசமா?" என்று செல்வமேரி கேட்டாள்.

"இது வசதிம்மா. வசதியை எப்படி இலவசமா குடுக்க முடியும்?"

அவர் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். "இன்னொரு வழி இருக்கு. மருந்து குடுத்து இந்தக் கிருமியைக் கொன்னுடலாம். எல்லாருக்கும் தொண்டையில சாதாரணமா இருக்குமே, தொந்தரவு பண்ணாத கிருமிங்க, அதுங்க அந்த இடத்துக்குத் திரும்பி வரணும். அதுவரைக்கும் சுத்தமான காத்துல, ஆக்சிஜன் வெச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். நடுவுல புகை பட்டா திரும்ப முதல்லேர்ந்து. ரொம்பக் கஷ்டப்படுவாங்க. எல்லாரும் பிழைப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

செல்வமேரி வராந்தாவில் படுத்திருந்த மகளைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் புகையில் அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னால ஆவாது டாக்டரம்மா" என்றாள்.

குப்பத்தில் அதற்குள் பெண்கள் அவள் வீட்டு முன்னால் கூடியிருந்தார்கள். லட்டு வாங்கித் தின்றவர்கள்தான். ஒருத்தி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து அதன் புகையில் குழந்தையைப் பிடித்திருந்தாள். தனக்கோட்டி மூச்சு வாங்க, வாக்கியத்துக்கு நடுவே நின்று நின்று பேசினாள்.

"நீதான் யக்கா மூடுன. நீயே போய்... தொறந்துவுடச் சொல்லு."

திருமலைச்சாமி அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். செல்வமேரியைப் பார்த்ததும் கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"புகை வேணும் சார்."

"என்னம்மா?"

"புகை வேணும்."

அவர் கதவைத் திறந்து வெளியே இருந்த ஊழியர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டார். "இவங்க என்னமோ சொல்றாங்க. எனக்குச் சரியா காதுல விழல" என்றார். செல்வமேரி மூன்றாவது முறையும் சொன்னாள். அவள் குரல் உடைந்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கரண்ட் இப்ப வெயில்லயே எடுத்துடறாங்கம்மா. எங்க கரண்ட் யாருக்கும் வேணாம். வெறும் புகைக்காகத்தான் கரி எரிக்கணும்."

"எரிங்க சார். அந்த வடிகட்டி போடணும்னு கோர்ட்ல சொன்னாங்களே..."

"போடவே மாட்டோம். மருந்துல கலப்படம் பண்ணலாமா?"

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். மின்நிலையத்துக்கு 'மக்கள் நல்வாழ்வுப் புகை நிலையம்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். தேர்தல் பக்கத்தில் இருந்ததால், தன் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தால் விலையில்லாப் புகையைத் தெருத்தெருவாகக் குழாய் போட்டுக் கொடுக்கும் என்று அமைச்சர் அறிவித்தார். குழாயில் மீட்டர் வைக்கச் சதி நடப்பதாக மறுநாளே எதிர்க்கட்சி குற்றம் சாட்டியது. பொத்தானை அழுத்த செல்வமேரியைத்தான் மேடையேற்றினார்கள். வருடக்கணக்காக எந்தப் புகைபோக்கியை மூடச் சொல்லிப் படியேறினாளோ, அதை அவள் விரலே திறந்தது. கீழே பிள்ளைகள் கைதட்டி, வாயைத் திறந்து, வானத்தைப் பார்த்து மூச்சிழுத்தார்கள். அவள் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் சமாளித்திருப்பார்கள். ஆனால் நகரத்தில் மூச்சுத்தோழன் வாங்கிய வசதியானவர்களுக்கும் பசித்தது. புகைக்குப்பி செயற்கையானது, தொண்டை கரகரக்கிறது, அடுப்பிலிருந்து நேரடியாக வரும் இயற்கைப் புகைதான் உடம்புக்கு நல்லது என்று பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் அலையாத்திக்குப்பத்துக்கு வந்தன. குடும்பத்தோடு இறங்கி, பாய் விரித்து, புகைபோக்கிக்கு நேர்கீழே பிராணாயாமம் செய்தார்கள். ரோஸ்லினின் ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றி வேலி வந்தது. அடுக்குமாடி விளம்பரங்கள் முளைத்தன. கிழக்குப் பார்த்த வீட்டுக்கு இருந்த மவுசு போய், புகைபோக்கி பார்த்த வீட்டுக்கு வந்தது.

பிறகு ஒரு வட்டாட்சியர் வந்தார்.

"இத்தனை வருஷமா புகையில கஷ்டப்பட்டீங்க. அதை உணர்ந்து அரசாங்கம் உங்களுக்குச் சுத்தமான காத்து உள்ள இடத்துல வீடு குடுக்குது."

"இத்தினி வருசம் கேட்டப்போ குடுக்கல" என்றாள் தனக்கோட்டி. "வாணாம்னு கெஞ்சறோம், இப்ப குடுக்கறீங்க."

வட்டாட்சியர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். குப்பத்தைப் போலீஸ் வேனிலும் குப்பை லாரியிலும் ஏற்றினார்கள். லாரி என்பதால் வழியெல்லாம் யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

புதுக் குடியிருப்பு நகரத்துக்குத் தெற்கே வெகுதூரத்தில், ஏரிக்கும் மொட்டைப் பாறைக்கும் நடுவே இருந்தது. எட்டு மாடிக் கட்டடங்கள். கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. பஸ் வசதியும் இல்லாததால் காற்று அப்பழுக்கில்லாமல் இருந்தது.

முதல் இரைப்பு தொடங்குவதற்குள் செல்வமேரி டாக்டர் மணிமொழிக்குப் போன் செய்தாள். "நீங்க அன்னிக்கு சொன்னீங்களே, அந்த இன்னொரு வழி. இப்ப அது ஒண்ணுதான் எங்களுக்கு வழி."

டாக்டர் விடுப்பு போட்டுவிட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிய ஆக்சிஜன் சிலிண்டர்களோடு வந்து இறங்கினார். தரைத்தளத்தில் காலியாக இருந்த வீடுகளை வார்டாக்கினார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் கிருமி சாகும் முன் வெறிபிடித்துத் தின்றது. பிள்ளைகள் படுக்க முடியாமல் சுவரில் கைகளை ஊன்றி நின்றபடி மூச்சுக்குப் போராடினார்கள். ரோஸ்லின் தலையணையைக் கடித்துக் கிழித்தாள். தாய்மார்கள் முதுகைத் தடவிக்கொண்டே முறைவைத்துத் தூங்கினார்கள். பாறைக்குப் பின்னால் பழைய டயரைக் கொளுத்தப் போன இரண்டு அப்பாக்களைச் செல்வமேரியே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தனக்கோட்டிக்குத்தான் ரொம்பவும் முடியாமல் போனது. பல வருட இரைப்பில் தேய்ந்த நெஞ்சு. ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு செல்வமேரியின் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு டயரு யக்கா. கொஞ்சூண்டு போதும்."

"வாணாம்டி. காத்து இந்தப் பக்கம் அடிக்குது. புள்ளைங்க எல்லாம் பாதி தாண்டிட்டுதுங்க. இப்ப பொகை பட்டா..."

"அப்ப என்ன எங்கனா தூக்கினு போயிடு."

"எங்கடி தூக்கினு போவேன்? பஸ்ஸே இல்லியே."

தனக்கோட்டி சிரிக்கப் பார்த்தாள். "கேசு போட்டு... பஸ்ஸு வாங்கு" என்றாள். மறுநாள் காலை டாக்டர் தனக்கோட்டியின் சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்து நின்றார். செல்வமேரி ஏரிக்கரை வரை நடந்துபோய், யாருக்கும் கேட்காத தூரத்தில், வாய்விட்டு அழுதாள். அந்தக் காற்றில் எவ்வளவு அழுதாலும் மூச்சு முட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மற்றவர்கள் பிழைத்தார்கள். ஒரு நாள் ரோஸ்லின் கீழே படுத்துத் தூங்கினாள். இன்னொரு நாள் எட்டாவது மாடிவரை படியேறிப் போய்விட்டு வந்தாள். டாக்டர் அவள் தொண்டையில் பஞ்சு தொட்டுச் சோதித்துவிட்டு, எல்லாம் பழைய ஆட்கள்தான், சாதுவான கிருமிகள், தானாகவே குடியேறிவிட்டன என்றார். அந்த நகரத்தில் மூச்சுத்தோழனை அடித்துக்கொண்டவர்களில், சுத்தமான காற்றை மூச்சிழுத்தும் உயிரோடு இருக்கக்கூடியவர்கள் இப்போது இவர்கள்தான்.

செய்தி பரவியதும் ஒரு கார் வந்தது. கோகுலவாசன் இறங்கினார். இப்போது அவர் கழுத்தில் ஒரு புகைக்குப்பி தொங்கியது, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை அதை உறிஞ்சிக்கொண்டார்.

"பாப்பா தொண்டையில இருந்து ஒரு சாம்பிள் மட்டும் வேணும்மா. மூச்சுத்தோழன் இருந்த இடத்துல திரும்பக் குடியேறின இயற்கையான கிருமி வேற எங்கயும் கிடைக்கறதில்லை. மூச்சுத்தோழனை நிறுத்த நினைக்கறவங்களுக்கு ஒரு புதுத் தயாரிப்பு கொண்டு வரப்போறோம்."

"எடுத்துக்கங்க" என்றாள் செல்வமேரி. "ஆனா விக்கக் கூடாது. சும்மா குடுக்கணும்."

கோகுலவாசன் குழம்பிப்போனார். ஏமாற்றவில்லை, அவருக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. "விக்காம ஒரு கிருமிய ஜனங்களுக்கு எப்படிம்மா குடுக்கறது? அதுக்கு வழியே இல்லையே."

ரோஸ்லின் எழுந்து அவர் அருகே போனாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவர் முகத்துக்கு நேராக, எச்சில் தெறிக்க, பலமாக இருமினாள்.

"இப்படித்தான் சார்."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். கோகுலவாசன் கோபப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை மெதுவாக, ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். அதை நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை ஒட்டினார்.

"ரொம்ப நன்றி பாப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சிரிப்பு நின்றுபோனது. கார் ஏரியைச் சுற்றி மறையும்வரை ரோஸ்லின் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மா, அந்தாளு அத்த எடுத்துனு போய் விக்கப் போறான். நான் தப்பு பண்ணிட்டேனா?"

செல்வமேரி மகளின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இல்ல கண்ணு. விக்கட்டும். வாங்கறவங்களுக்காவது மூச்சு வரட்டும்."